ஓர் இசைக்கருவிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு பொருளின் விலை நம் கையிருப்புக்குள் அடங்கிவிட்டால், அதனை வாங்குவது குறித்து மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை என்பது இன்று பலரின் எண்ணமாக உள்ளது. விலை மிகுந்த பொருள் யாவும் ஆடம்பரமே என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் சிந்தித்தல் என்னும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கின்றனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் பணிபுரியும் என் தங்கையின் பேத்தி, கையால் செய்யப்படும் உகுலேலே ஒன்றை 3000 டாலர் கொடுத்து வாங்குவது நம் நெறிக்கு ஒக்குமா என்று கேட்டு எழுதியிருந்தாள். பத்து ஆண்டுகளாக நாள்தோறும் அக்கருவியை வாசித்து வருபவள் அவள். பணமும் அவளுடைய உழைப்பால் சேர்ந்ததே. ஆயினும் அவள் கேட்டாள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. அவளுக்கு எழுதியவற்றை இல்லறத்தார் யாவரும் எண்ணிப் பார்க்கலாம் என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

உகுலேலே என்பது நான்கு நரம்புகளை உடைய, குழந்தையைப்போல் மார்போடு அணைத்து வாசிக்கத்தக்க சிறு கருவி. போர்ச்சுகலுக்கு உரிய மதீராத் தீவிலிருந்து, ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கப் புறப்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு, ராவன்ஸ்கிராக் என்னும் கப்பல் 1879 ஆகஸ்டில் ஹொனலூலுவை அடைந்தது. அதில் வந்த மனுவேல் நூனிஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸ் தோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூன்று தச்சர்களே தங்கள் ஊர்ச் சிறு கித்தாரைத் தழுவி இக்கருவியை அங்கே செய்யத் தொடங்கினர். மன்னர் கலாகவுவா அதனை அரண்மனைக்குள் அழைத்துக்கொண்டார். அதன் பெயருக்குத் ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் கூறுவது வழக்கம். 1949-ஆம் ஆண்டளவில் மாரியோ மக்காஃபெரி என்பவர் நெகிழியால் இதனை வார்த்து, ஆறு டாலருக்கும் குறைவாக விற்றார். இன்றும் ஐம்பது டாலருக்கு ஒன்று கிடைக்கும். ஏழையின் கருவியாகப் பிறந்த ஒன்றுக்கு 3000 டாலர் எதற்காக?

முதற்கண் அப்பணம் எதனை வாங்குகிறது என்று பார்ப்போம். கருவியின் மேற்பலகை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிப்புடையது. மெலிந்தால் ஒலி பெருகும். மிக மெலிந்தாலோ நரம்பின் இழுப்புத் தாங்காமல் பலகை வளையும், பிளக்கும். பலகை ஒவ்வொன்றும் தன் விறைப்பால் வேறுபடுவதால், இன்ன அளவு என்று முன்கூட்டி விதிக்க இயலாது. தொழிற்சாலையில் எல்லாப் பலகைகளையும் உடையாத அளவுக்குத் தடிப்பாகவே இழைப்பர்; அல்லது மெல்லிய ஏடுகளை ஒட்டிய பலகையைப் பயன்படுத்துவர். கைவினைஞரோ தட்டிக் கேட்டு இழைத்து, மீண்டும் தட்டிக் கேட்டு, அந்த மரம் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்பார். 1916-இல் ஹொனலூலுவில் தொடங்கிய கமாகா பட்டறையில் செவிப்புலன் இல்லாத தொழிலாளர் பலர் பணியாற்றியுள்ளனர். பலகையின் அதிர்வை விரலால் உணர்ந்தே அவர்கள் அதன் தடிப்பைச் சரிபார்த்தனராம். செவியால் கேட்பதற்குரிய கருவியைக் கேளாதோர் செம்மைப்படுத்தினர் என்பதை நினைக்கும்போது, இத்தகைய கைகளுக்குக் கொடுக்கும் கூலி வீண் என்று கூற என் நா எழவில்லை.

நம் சீவக சிந்தாமணியிலும் இதற்கொரு சான்று உண்டு. காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களின் அழகைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தான். நீரில் நின்று இளகிய மரம், வாள்காயம் பட்ட மரம், இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாக விலக்கினான். கருவியின் பெருமை மணியிலும் பொன்னிலும் இல்லை என்பதைத் திருத்தக்கதேவர் நன்கு அறிந்திருந்தார்.

எனினும் விலையேற ஏற ஒலியும் அதே அளவில் உயரும் என்று எண்ணுதல் பிழை. ஐம்பது டாலரிலிருந்து ஐந்நூறுக்குச் செல்லும்போது சுருதி சேர்கிறது, மெட்டுகள் உரிய இடத்தில் அமைகின்றன, வேற்றுமை எவர் காதுக்கும் புலனாகிறது. அதற்குமேல் ஒவ்வோர் ஆயிரமும் சிறிது சிறிதாகவே கூட்டும். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து, புதிய வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி முதலிய பழம்பெரும் வயலின்களையும் வாசிக்கச் செய்தனர். பெரும்பாலோரால் புதியது எது, பழையது எது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாவற்றினும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரியே. கண்ணும் விலைச்சீட்டும் சேர்ந்து காதை எவ்வளவு ஏமாற்றுகின்றன! ஆகவே கடைக்குச் சென்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேள் என்று அவளுக்கு எழுதினேன்.

இனி, நம் நெறி நேரே தொடும் இடத்துக்கு வருவோம். இக்கருவிகளின் மேருவும் குதிரையின்மேல் பதிக்கும் சிறு பட்டையும் பெரும்பாலும் மாட்டெலும்பால் ஆனவை. பழங்காலக் கருவிகளில் யானைத்தந்தமும் உண்டு. நரம்புகள் விலங்கின் குடலால் ஆனவை. நைலான் வந்தபின் குடல்நரம்பு அருகிவிட்டது. மெருகுக்கு அரக்கு, சில பட்டறைகளில் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. எல்லாவற்றுக்கும் மேலாக, விலையை ஏற்றும் அலங்காரம் எது என்றால், ஒலித்துளையைச் சுற்றியும் கழுத்தின்மீதும் பதிக்கும் முத்துச்சிப்பியும் கடற்சிப்பி வகைகளுமே. அவற்றால் ஒலிக்கு யாதொரு பயனும் இல்லை. ஓர் உயிர் தன் கூட்டை இழப்பது நம் கண்ணின் மினுக்குக்காக மட்டும் என்றால், அந்தப் பணத்துக்கு எந்த வாதமும் துணைநில்லாது. மரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கோவா என்னும் மரம் ஹவாய்க்கே உரியது. 1793-இல் கப்பலில் வந்திறங்கிய மாடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து, அக்காடுகளைச் சுருக்கிவிட்டன. ஆதலால் விழுந்த மரமா, வெட்டிய மரமா என்று வினவுவது நுண்ணிய ஆராய்ச்சி அன்று, கடமை.

‘அந்தப் பணத்தில் எத்தனை பேர் பசியாற்றலாம்’ என்று கேட்போர்க்கும் மறுமொழி கூறவேண்டும். கேள்வி நியாயமானதே. ஆனால் அதனை உகுலேலேயிடம் மட்டும் கேட்டு, கொதிநீரில் மாண்ட பூச்சிகளின் பட்டை மணப்பந்தலில் கேளாது விடுவது நீதியாகாது. நம் ஆசாரியர்கள் பரிக்கிரகம் என்றது பொருளை அன்று. அதன்மேல் கொள்ளும் மயக்கத்தை. கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் ஐந்நூறு டாலர்க் கருவி பரிக்கிரகம். நாள்தோறும் மாலையில் மடியில் தவழ்ந்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளும் தொட்டுப் பயிலும் கருவியை அவ்வாறு கூற எனக்கு மனமில்லை. அதற்காக மயக்கம் விலைமிக்க பொருளில் எளிதில் முளைப்பதை மறுக்கவும் முடியாது. தன் உடைமைக்குத் தானே எல்லை வரைந்துகொண்ட சிராவகர், புதியதொன்று வீட்டுக்குள் வரும்போது பழையதொன்றை வெளியே அனுப்புவர். என் தந்தையார் வேட்டிகளை அவ்வாறே கணக்கிட்டார். எங்களுக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

என் முடிவு இது. பயிலத் தொடங்குவோர்க்கு இவ்விலை தகாது; கைவராதவர் விரலில் ஒன்பதாயிரம் டாலர்க் கருவியும் ஊமையே. கையிலிருக்கும் கருவி தன்னைத் தடுக்கிறது என்று பத்தாண்டுப் பயிற்சியால் உணர்ந்தவள், ஒலிக்கும் உழைப்புக்கும் உரிய விலையைக் கொடுக்கலாம்; மினுக்குக்கு உரியதைக் கொடுக்கலாகாது. செய்பவருக்கு எழுதும் கடிதத்தில் நான்கு செய்திகளைச் சேர்க்கச் சொன்னேன்: சிப்பிப் பதிப்பு வேண்டா, எலும்புக்கு மாறாகச் செயற்கைப் பட்டை வேண்டும், தோற்பசையும் அரக்கும் கூடா, மரம் எவ்வாறு கிடைத்தது என்று தெரிவிக்கவேண்டும். பழைய கருவியை என்ன செய்வாய் என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் அவள் இன்னும் மறுமொழி எழுதவில்லை.