துயரத்தைப் பாடி விற்கலாமா?

ஒரு மக்கட் கூட்டம் தன் துயரை ஆற்றிக்கொள்வதற்காகத் தனக்குள்ளே பாடிய பாட்டை, அத்துயரத்தால் வாழ்ந்த சமூகத்தின் முன்னிலையில், நுழைவுச் சீட்டு விற்றுப் பாடலாமா? பாடினால் அது பாட்டாக நிலைக்குமா, பண்டமாகிவிடுமா? மக்கள் கலையைப் பேண வேண்டும், மேடையேற்ற வேண்டும் என்று பேசும் நாம் இவ்வினாவை எளிதிலே தாண்டிச் சென்றுவிடுகிறோம். தாண்ட வழியின்றி அதனை நேருக்கு நேர் சந்தித்த சிறு குழுவொன்றின் வரலாறு, இவ்விடயத்தில் நம் சிந்தனையைத் தெளிவுபடுத்த உதவும். அமெரிக்காவின் தென் பகுதியில், 1871 ஆம் ஆண்டிலே தோன்றிய பிஸ்க் ஜூபிலிப் பாடகர் குழுவையே நாம் குறிப்பிடுகிறோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், வட படையினர் மருத்துவமனையாகப் பயன்படுத்திக் கைவிட்ட மரக் கொட்டகைகளிலே, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பிஸ்க் சர்வகலாசாலை ஆயிற்று. ஏழு வயதுச் சிறுவரும் எழுபது வயது முதியவரும் ஓரிடத்தமர்ந்து எழுத்துக் கற்றனர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது தென் மாநிலங்கள் பலவற்றிற் குற்றமாயிருந்த காலம் அப்போதுதான் கழிந்திருந்தது. புத்தகம் வாங்கப் பணமில்லை. அந்நகரில் அடிமைகளை விற்பதற்கு அடைத்து வைத்த பழைய கொட்டடியிலே துருவேறிக் கிடந்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பொறுக்கியெடுத்து, பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் அரிச்சுவடிகள் வாங்கினர் என்று அப்பாடசாலையின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். தம்மைப் பிணித்த இரும்பை விற்றே தம்மை விடுவிக்கும் எழுத்தை அவர்கள் வாங்கினார்கள்.

ஆயினும் இரும்பு விற்ற காசு எத்தனை நாளைக்குப் போதும்? 1871 ஆம் ஆண்டளவில் கொட்டகைகள் சிதைந்தன, கடன் பெருகிற்று, பாடசாலையை மூடிவிடலாமென்ற பேச்சும் எழுந்தது. பொருளாளராயும் இசையாசிரியராயும் பணியாற்றிய ஜோர்ஜ் வைற் என்னும் வெள்ளையர், மாணவரைக் கொண்டு கச்சேரி நடத்திப் பணந் திரட்டலாமென எண்ணினார். பாடசாலையை நடத்திய மிசனரிச் சங்கத்தார் இம்முயற்சிக்குக் கைகொடுக்கவில்லை. எஞ்சிக் கிடந்த சிறு தொகையை எடுத்துக்கொண்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 6 ஆந் தேதி, மாணவர் ஒன்பதின்மருடன் அவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அம்மாணவரிற் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அவர்கள் மேடையிலே பாடத் தொடங்கியவை அடிமைகளின் பாட்டுக்கள் அல்ல என்பதை நாம் முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். ஐரோப்பிய இசையமைப்புக்களையும் அக்காலத்து வெள்ளையர் விரும்பிய பாட்டுக்களையுமே அவர்கள் பாடினார்கள். தாய் தந்தையர் வயலிலும் இரவு வழிபாட்டிலும் பாடிய பாட்டுக்கள் அவர்கள் நெஞ்சிலே இருந்தன. வாத்தியத் துணையின்றி, குரலோடு குரல் பின்னி எழுந்த பாட்டுக்கள் அவை. பறையும் கொம்பும் அடிமைகளைக் கிளர்ச்சிக்கு அழைக்குமென அஞ்சித் தென் கரோலினா 1740 ஆம் ஆண்டிலே அவற்றைச் சட்டத்தாற் தடுத்தது. கருவியைப் பறித்தவர்களாற் குரலைப் பறிக்க முடியவில்லை. ஆனால் அப்பாட்டுக்களை அந்நியர்முன் பாட மாணவர்கள் கூசினர். அவை அடிமை வாழ்வோடும் இருண்ட கடந்த காலத்தோடும் பிணைந்தவை, பெற்றோருக்குப் புனிதமானவை. முதலில் ஆசிரியர் ஒருவரின் அறையிலே, தாழ்ந்த குரலில், தமக்குள்ளேயே அவற்றைப் பாடினர் எனக் குழுவின் தூணாய் விளங்கிய எலா ஷெப்பேட் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

பயணம் கடினமாயிருந்தது. வெள்ளையர் முகத்திற் கரி பூசிக் கறுப்பரைப் பரிகசித்தாடும் கூத்து அக்காலத்து அமெரிக்க மேடைகளிலே பெருவழக்காயிருந்தது. இவர்களும் அத்தகைய கூத்தரே என எண்ணிப் பலர் சிரிப்பதற்கு வந்தனர். விடுதிகள் பல இடங்கொடுக்க மறுத்தன. இந்நிலையிலும், பயணத்தின் தொடக்கத்திலே ஒஹையோ மாநிலத்திற் கிடைத்த ஐம்பது டொலருக்கும் குறைந்த வரும்படியை, அப்போது பெருந் தீயில் வெந்துபோன சிக்காகோ நகரத்து மக்களுக்கு அவர்கள் கொடுத்துவிட்டனர். இரந்து நிற்போர் என்று உலகம் கருதியவர்கள் முதலிலே செய்த காரியம் ஈகை.

நவம்பர் மாதத்தில் ஓபர்லின் என்னும் ஊரிலே, திருச்சபையாரின் மாநாடொன்றில், அவர்கள் அடிமைகளின் பாட்டொன்றை மெல்லெனத் தொடங்கினர். சலசலத்த மண்டபம் அடங்கிற்று. அன்றுமுதல் அப்பாட்டுக்களே நிகழ்ச்சியின் உயிராயின. அடிமைகள் விடுதலை பெறும் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிப் பழைய ஏற்பாட்டிலே கூறப்படும் 'ஜூபிலி' என்னும் பெயரைக் குழு ஏற்றது. 1872 இல் அப்பாட்டுக்கள் நூலாக அச்சேறின. முதற் பயணத்திலே 20,000 டொலர் சேர்ந்தது. 1873 இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியின் முன்னிலையிற் பாடினர். ஏறத்தாழ ஏழாண்டுகளிலே குழு ஈட்டிய தொகை 150,000 டொலர் எனக் கணக்கிடுவர். அப்பணத்தால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876 இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது.

பாடசாலை பிழைத்தது. ஆகவே செய்தது சரிதான் என்று முடித்துவிடலாமா? விளைவு நன்றாயிருந்ததால் வழியும் நன்றென்பது வியாபாரியின் நியாயம். அதனோடு நாம் அமைதல் தகாது. மறுப்புக்கள் வலிமையானவை. புனிதமானதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது தவறென்பது முதல் மறுப்பு. அதனை அம்மாணவர்களே முதலில் உணர்ந்திருந்தனர். வெள்ளையரின் இரக்கத்துக்கு நம் பழைய அவலத்தைத் தீனியாக்குவதா என்பது இரண்டாவது. 1909 இல் வாஷிங்டன் நகரத்து ஹவார்ட் சர்வகலாசாலை மாணவர்கள் இப்பாட்டுக்களைப் பாட மறுத்தமைக்கு இத்தகைய உணர்வே அடிப்படை. மேடைக்கென மெருகேற்றிய பாட்டு மக்களின் பாட்டாகாது என்பது மூன்றாவது. எழுத்தாளர் ஸோரா நீல் ஹேர்ஸ்டன் 1934 இல் இதனை வற்புறுத்தி எழுதினார்.

மூன்றாவது மறுப்பு உண்மையே எனினும், அது தீர்ப்பாகாது. வயலிலே கூடிப் பாடுவோர்க்குக் கேட்போர் எனத் தனியே எவருமிலர். மேடை ஏறியதும் பாடுவோர், கேட்போர் என்ற பிரிவு பிறந்துவிடுகிறது. பாட்டு மாறத்தான் செய்யும். மாற்றியவர் யார், எதன்பொருட்டு மாற்றினார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கரி பூசிய கூத்தர் இலாபத்திற்காகவும் பரிகாசத்திற்காகவும் மாற்றினர். பிஸ்க் மாணவர் தம் தாயின் குரலை அறிந்தவராய், தம் இனத்துச் சிறுவர் எழுத்தறிய வேண்டுமென மாற்றினர். இரண்டையும் 'விற்பனை' என்னும் ஒரே சொல்லில் அடக்குதல் நீதியன்று.

முதலிரு மறுப்புக்களுக்கும் விடை காண எலா ஷெப்பேட்டின் வாழ்வை நோக்குவோம். அவர் 1851 இல் அடிமையாகப் பிறந்தவர். தந்தை 350 டொலர் கொடுத்து அவரை மீட்டார். தாயை மீட்க இயலவில்லை. ஒரு மனிதப் பிறவிக்கு விலை வைப்பதென்றால் என்ன என்பதை, நூல் படித்து அறிந்த நம்மிலும் அவர் நன்கறிந்தவர். தான் விற்கப்படுதலுக்கும், தன்னிடமுள்ளதைத் தானே எடுத்துக் கொடுத்தலுக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குத் தெரியும். அவர் தயங்கியதும் பின்னர் பாடியதும் அவ்வறிவிலிருந்து பிறந்தவை. வறுமை நெருக்கிய நிலையிலே, வைற்றின் வற்புறுத்தலும் சேர்ந்த நிலையிலே எடுத்த முடிவு அது. முழுச் சுதந்திரமான தெரிவென்று நாம் அதனைப் புகழ்ந்துவிடல் ஆகாது. அதற்காக, சூழ்நிலை பாட வைத்தது, அவர்கள் வெறுங் கருவிகள் என்று கூறினாலோ அவர்களை இரண்டாம் முறை அடிமைகளாக்குவோம். நெருக்கடிக்குள் நின்றும் மனிதன் தெரிவு செய்கிறான். ஒடுக்கப்பட்டோரின் அறம் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் பிறக்கிறது.

அத்தெரிவுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. படிப்பை இடைநிறுத்திப் போனவர்களிற் பெரும்பாலோர் அப்பாடசாலையிற் பட்டம் பெறவேயில்லை. ஓய்வின்றிப் பாடி நோயுற்றனர். 1878 இலே குழு களைத்துக் கலைந்தது. பிறர் படிக்கும் மண்டபத்தைத் தம் தொண்டையாற் கட்டியவர்கள் அதன் நிழலில் இருந்து படிக்கவில்லை. தியாகம் என்று பெயரிட்டு இதை நாம் எளிதிலே செரித்துக்கொள்ளக் கூடாது. ஓர் அரசும் சமுதாயமும் செய்திருக்க வேண்டிய கடமையைச் சில இளைஞர் தம் உடலாற் செலுத்தினர் என்பதே உண்மை.

இனி, இதுகாறும் நாம் கேளாத வினாவொன்று உண்டு. பாடியவர்களின் ஒழுக்கத்தை இவ்வளவு ஆராய்ந்தோம். கேட்டவர்களின் ஒழுக்கம் யாது? மண்டபங்களிலே கண்ணீர் விட்ட மக்கள் வாழ்ந்த நாட்டிலேதான், பாடகர்கள் இரவு தங்க அறையின்றி அலைந்தனர். 1877 இல் வட படைகள் காவலைக் கைவிட்டன. தென்னாட்டுக் கறுப்பின மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. இனங்களைப் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு உடன்பாடென 1896 இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பாட்டைக் கேட்டு உருகிய நெஞ்சங்கள் இவற்றைத் தடுக்கவில்லை. சீட்டுக்குக் கொடுத்த பணத்தோடும் சிந்திய கண்ணீரோடும் கடன் தீர்ந்ததென அவர்கள் எண்ணினர் போலும். துயரப் பாட்டைச் சந்தைப் பண்டமாக்குவது பாடுவோனின் செயல் என்று நாம் கருதினோம்; கேட்டுவிட்டு எழுந்துபோகும் நம் செயலே அதனைப் பண்டமாக்குகிறது.

அக்குழுவின் கதை 1878 உடன் முடியவில்லை. மறு ஆண்டே வேறொரு வடிவில் அது எழுந்தது. 1899 முதல் சர்வகலாசாலை ஆசிரியரான ஜோன் வேக் அதனைப் புதுப்பித்து வளர்த்தார். பிஸ்க்கிலே கற்ற டுபோய்ஸ் 1903 இல் வெளியிட்ட நூலிலே இத்துயரப் பாட்டுக்களுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கினார். 2021 இல் குழுவின் இசைத்தட்டொன்று கிராமி விருது பெற்றது. ஆண்டுதோறும் ஒக்டோபர் 6 இல் இன்றைய பாடகர்கள் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று பாடுகின்றனர். அங்கே சீட்டில்லை, விலையில்லை. பாட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிறது.

ஆயினும் அவற்றைவிட நம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. 1960 பெப்ரவரியில், அதே நாஷ்வில் நகரத்து உணவுச்சாலைகளிலே, கறுப்பின மாணவர்கள் அமைதியாகச் சென்றமர்ந்தனர். பரிமாற மறுத்தார்கள், அடித்தார்கள், சிறையிலிட்டார்கள். மாணவர்கள் மீண்டும் மீண்டும் வந்தமர்ந்தனர். மே மாதத்தில் நகரின் நடுப்பகுதி உணவுச்சாலைகள் பல அவர்களுக்குப் பரிமாறத் தொடங்கின. அம்மாணவரிற் பலர் பிஸ்க்கிற் படித்தவர்கள். ஒன்பது பாடகருக்கு உறங்க இடம் மறுத்த நாட்டிடம், அவர்கள் பாடிக் காத்த கல்விக்கூடத்தின் பிள்ளைகள் எண்பத்தொன்பது ஆண்டுகளின் பின் இருக்கை கேட்டனர்.

துயரத்தைப் பாடி விற்கலாமா என்று கேட்டோம். துயருற்றவரே அதனை முடிவு செய்யட்டும்; அவ்வுரிமையை அவரிடமிருந்து பறிக்க நமக்குத் தகுதியில்லை. நமக்குரிய வினா வேறு. கேட்டுவிட்டோம், இனி என்ன செய்யப் போகிறோம்?