வளமும் வலையும்

ஊதியம் உயர்ந்தால் உணவு மாறும். பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நாம் இதனை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே கண்டிருக்கிறோம். முதல் ஆண்டுகளில் மத்தியும் நெத்திலியும் வாங்கிய கை, சில பதவி உயர்வுகளுக்குப் பின் வஞ்சிரத்தையும் இறாலையும் நாடுகிறது. இதில் குற்றம் காண்பார் எவருமிலர்.

ஒரு வீட்டில் நிகழும் இம்மாற்றம் நாடுகள்தோறும் நிகழும்போது கடல் என்னாகிறது? 1961இல் உலகில் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 9 கிலோ மீன் உண்டார். 2022இல் அது 20 கிலோவைக் கடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, அளவு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளங்கள் 1974இல் நூற்றுக்கு 10. 2021இலோ 37க்கும் மேல்.

‘கடலில் குறைந்தால் பண்ணையில் வளர்ப்போம்’ என்பர் பொருளியலார். இது பாதி உண்மையே. கெண்டை தவிடும் புல்லும் தின்று வளரும். செல்வர் விரும்பும் சால்மனுக்கும் இறாலுக்குமோ தீவனத்தில் மீன்தூள் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் அரைபடுகிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள செனெகல் நாட்டில், நம் மத்திக்கு உறவான ஒரு சிறுமீன் ஏழைகளின் சோற்றுக்குத் துணை. பெண்கள் அதனைப் புகையிட்டும் உலர்த்தியும் விற்று வாழ்வர். மீன்தூள் ஆலைகள் பெருகிய பின், கரை சேரும் படகை நோக்கி இருவர் விலை கூறுகின்றனர். ஒருவர் கூடையுடன் நிற்கும் பெண். மற்றவர் லாரியுடன் நிற்கும் ஆலை முகவர். வெல்பவர் எவரெனச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே திருட்டு இல்லை. மீனவர் மனமொப்பியே விற்றார். கூடுதல் விலை அவர் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. தொலைநாட்டில் உண்டவரும் உரிய பணம் கொடுத்தே உண்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஓர் ஏழையின் தட்டிலிருந்து மீன் மறைந்துவிட்டது. பகுத்துண்ணலை அறமெனப் போற்றும் மரபினர் நாம். வாயிலில் பசித்தவர் நின்றால் நமக்குக் கடமை விளங்கும். பசித்தவரும் உண்டவரும் ஒருவரையொருவர் காணவே இயலாதபோது, அக்கடமை யாரைச் சாரும்? சந்தையைக் கேட்டால், அது விலையை மட்டுமே சொல்கிறது.

செல்வம் தன் நாவை அடக்கியதும் உண்டு. 2013இல் சீன அரசு தன் விருந்துகளில் சுறாத்துடுப்பை விலக்கியது; சிக்கனம் கருதித்தான் என்றாலும், சுறாவுக்கு அது நன்மையே.

நாம் மீண்டும் மத்திக்குத் திரும்பினால் செனெகல் பெண்ணின் கூடை நிரம்பும் என்று சொல்லத் துணியோம். கணக்கு அவ்வளவு நேரானதன்று. நம் நாட்டின் மேற்குக் கரையிலும் மத்தி மீன்தூள் ஆலைக்குச் செல்கிறது. நாம் வாங்கும் பண்ணை இறால் எக்கரையின் மீனைத் தின்று வளர்ந்தது என்பது, அதனை நிறுத்துத் தரும் மீன்காரிக்கும் தெரியாது.