ஆளில்லாத அழகு

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைத் தேடிப் போவதில் நமக்கெல்லாம் ஒரு தனி ஆசை. சந்தடி அலுத்துப்போனால் மலை, ஏரி, காடு என்று கிளம்பிவிடுகிறோம். போன இடத்தில் நமக்கு முன்பே இன்னொரு வண்டி நின்றிருந்தால் முகம் சுருங்கிவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் வடபகுதிக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குறை இருக்காது. ஹைலேண்ட் என்ற அந்தப் பகுதி முழுவதற்கும் கணக்கிட்டாலே சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 பேர்தான். அதில் சதர்லாந்து இன்னும் வெறிச்சோடிக் கிடக்கும். லேர்க் என்ற சிற்றூரைத் தாண்டினால் சாலை ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. ஒதுங்கி வழிவிட அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். ஒருவர் அங்கே ஒதுங்கி நிற்பார். எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். அதுவும் எப்போதாவதுதான். மற்றபடி சாலையில் ஆடுகள்தான்.

தம்பி அபர்தீனில் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறையில் அம்மாவையும் எங்களையும் வரவழைத்து, வடக்கே அழைத்துப் போனான். ஆல்ட்னஹாராவைக் கடந்து நேவர் ஏரியின் கரையோடு போனபோது அவன் மகன், "ஆளே இல்ல, செமயா இருக்கு அப்பாயி" என்றான். அம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இவ்ளோ தண்ணிய வச்சிக்கிட்டு ஆளில்லாம எப்படிடா இருக்கும்?" என்று கேட்டாள்.

ஆள் இருந்தார்கள். ஸ்ட்ராத்நேவர் என்ற அந்தப் பள்ளத்தாக்கு நெடுகிலும் 200 ஆண்டுகளுக்கு முன்பு சிற்றூர்கள் இருந்தன. கேலிக் பேசிய குடிகள், மாடு வளர்த்து, ஓட்ஸும் பார்லியும் விதைத்துப் பிழைத்தவர்கள். நிலம் சதர்லாந்து சீமாட்டியின் குடும்பத்துக்குச் சொந்தம். இந்தக் குடிகள் கட்டிய குத்தகையைவிட, செவியட் ஆடு வளர்க்க வருகிறவர் தரும் குத்தகை அதிகம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. 1814இலும் 1819இலும் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். மரம் அரிதான அந்தச் சீமையில் ஒரு வீட்டின் பெரிய சொத்தே கூரை மரம்தான். குடிகள் திரும்பி வந்துவிடக் கூடாதென்று அதைக் கொளுத்தினார்கள். 1819இல் ஓர் இரவு மேட்டில் ஏறி நின்று, எரிந்துகொண்டிருந்த 250 வீடுகளை எண்ணியதாக ரோசல் ஊர்க் கல்கொத்தனார் டொனால்ட் மெக்லியோட் பின்னாளில் எழுதினார். 1814இல் வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது 1816இல் இன்வெர்னஸில் வழக்கு நடந்து, அவர் விடுதலையானார். காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணை போட்டவரும் அவரேதான். குடிகளுக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கிடைத்தது. அதில் விளைவது வயிற்றுக்குப் போதாது, மீன்பிடிக்கப் போயே தீரவேண்டும் என்று அளந்து கொடுத்த நிலம் அது.

ஹைலேண்டின் வெறுமை முழுவதும் இப்படி வந்ததல்ல. உயர்ந்த மலைகளில் என்றைக்கும் யாரும் குடியிருந்ததில்லை. 1846இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது; நகரத்து வேலையும் கனடாவும் பலரை இழுத்துக்கொண்டன. ஆனால் இந்த ஏரிக்கரை காலி செய்யப்பட்டதுதான்.

அம்மாவுக்கு ஸ்காட்லாந்துப் பெயர்கள் புதிதல்ல. பால்மோரல், டன்சினேன் என்று இலங்கை மலையகத் தோட்டங்களின் பெயராகவே அவற்றைக் கேட்டு வளர்ந்தவள். பிறந்தது தலவாக்கலை ஹோலிரூட் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டு அந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக ஒதுக்கியது. அந்தப் பங்கில் ஒரு குடும்பமாகத் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர்கள் அம்மா வீட்டார். அதற்காக அந்தக் கதையையும் இந்தக் கதையையும் ஒன்றாக்கிவிட முடியாது. இங்கே துரத்தப்பட்டவர்கள்தான் அங்கே துரைகளாக வந்தார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும்; வரலாறு அவ்வளவு வசதியானதல்ல.

க்ரம்பெக் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். சாலையை ஒட்டியே பழைய ஊர். புல் மூடிய கற்சுவர்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. நான் தகவல் பலகையைப் படித்துப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வீட்டுக்குள் இறங்கி நடந்தாள். நீளமான ஒரே கட்டடம்; அந்தக் காலத்தில் ஆளும் மாடும் ஒரே கூரையின் கீழ்தான். சுற்றிலும் பழுப்பேறிய ஹெதர் புதர். சுவரோரத்தில் மட்டும் கரும்பச்சையாகப் புல்.

"எரு விழுந்த மண்ணு, இன்னும் தெரியுது பாரு. சரிவுப் பக்கந்தான் மாடு கட்டியிருப்பாங்க" என்றாள். பிறகு ஏரியைப் பார்த்து நின்றாள். "முதுகுல மலை, காத்தடிக்காது. முகத்துல வெயிலு. எடம் பாத்துத்தான் கட்டியிருக்காங்க. எங்க லயத்த யாரு எங்களக் கேட்டுக் கட்டினா?"

அவள் குரலில் இரக்கம் இல்லை. வேலை தெரிந்த ஒருத்தி இன்னொருவரின் வேலையை மதிப்பிடும் குரல் அது.

இரக்கம் நல்லதுதான், ஆனால் அது ஒரு வாழ்க்கையை அதன் கடைசி நாளாகச் சுருக்கிவிடுகிறது. கோத்தகிரி வீட்டுக்கு அவ்வப்போது கல்லூரிப் பிள்ளைகள் அம்மாவிடம் பேட்டி எடுக்க வருவார்கள். தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட அன்று ரயிலில் எல்லோரும் அழுதார்களா என்று தவறாமல் கேட்பார்கள். லயத்துக்குப் பின்னால் போட்ட கீரைப்பாத்தி, விடிய விடிய நடந்த காமன் கூத்து, எந்த மலையில் கொழுந்து முந்தித் துளிர்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைக் கேட்க ஆளில்லை. அழுத நாளை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள்.

ஆகவே, ஆளில்லாத ஏரியைப் பார்த்து "செம" என்கிற பிள்ளையை அதட்ட எனக்கு மனமில்லை. ஏரி அழகுதான். அங்கே குடியிருந்தவர்களுக்கும் அது அழகாகத்தான் இருந்திருக்கும். அந்த ரசனையை அவர்களிடமிருந்து பறித்துவிட்டு வெறும் துயரத்தை அவர்கள் பேரில் எழுதிவைப்பது இன்னொரு அநியாயம். யார் இங்கே இருந்தார்கள் என்று கேட்கப் பிள்ளையைப் பழக்கலாம். அதோடு விடாமல், என்ன விதைத்தார்கள், மாட்டை எந்தப் பக்கம் கட்டினார்கள் என்றும் கேட்கப் பழக்கலாம். எப்படித் துரத்தப்பட்டார்கள் என்பதில் பாதிக்கு மேல் துரத்தியவனின் கதை. எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் முழுக்க அவர்களுடையது.