யார் போட்ட சோறு?

2021 மே 31 அன்று மத்திய அரசு தன் ஓய்வூதிய விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், அந்த அமைப்பின் வேலையோடு தொடர்புள்ள எதையும், அங்கே பெற்ற அனுபவ அறிவையும்கூட, முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. மீறினால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. புத்தகம் எழுதுவது மட்டும் வெளியீடு என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரிகைக்குச் சொல்லும் தகவல், கடிதம், துண்டறிக்கை, சுவரொட்டி வரை விதியில் வரிசையாக இருக்கின்றன. 2008இல் செய்த திருத்தம் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் தகவல்களோடு நின்றிருந்தது. இது அதைத் தாண்டிப் போகிறது. இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணியினருக்கான விதியும் மாறியது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோ நடத்தையில் பெரும் பிழை கண்டாலோ, மாநில அரசு கேட்காமலே மத்திய அரசு தானாக ஓய்வூதியத்தை நிறுத்தலாம். அதன் முடிவே இறுதி.

இந்த இரண்டு விதிகளும் நேராகத் தொடுவது சிலரைத்தான். ஆனால் இவற்றின் நிழல் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் என்று தண்டவாளத்தின் இருபுறமும் குடியிருக்கும் ஓய்வூதியர் எல்லார் மேலும் விழுகிறது. ரயில்வே, தபால், விமானப்படை, தொலைபேசி, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று முப்பது முப்பத்தைந்து ஆண்டு உழைத்து, மனை வாங்கி, வீடு கட்டி உட்கார்ந்தவர்களின் ஊர்கள் இவை. ஜி.எஸ்.டி. பற்றியும், தொகுதி மறுவரையறை பற்றியும், கல்விக் கொள்கை பற்றியும் இவர்களுக்குக் கருத்து உண்டு. சற்று உரக்கவே உண்டு. அப்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வியும் பழகிப்போனதுதான்: "கவர்ன்மென்ட் பென்ஷன் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு கவர்ன்மென்ட்டையே குறை சொல்லலாமா, சார்?" உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாமா என்பதே அந்தக் கேள்வியின் பொருள். குறை சொல்லலாம் என்பது மட்டுமல்ல, சொல்வது அவர் கடமை என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. அதை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் அந்தச் சோறு யார் போட்டது என்று பார்த்துவிட வேண்டும். 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. ஓய்வூதியம் யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல. பணிக்காலம் முழுதும் செய்த வேலைக்கு உரிய பலன். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன. அதற்கும் முன்பே, 1971இல், தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் ஓய்வூதியம் ஓர் உரிமை, அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மாதாமாதம் கட்டிய சீட்டு முதிர்ந்து கைக்கு வரும்போது சீட்டு நடத்தியவருக்கு யாரும் காலமெல்லாம் வாய்பொத்தி நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் ஓய்வூதியத்துக்காகத் தம் சம்பளத்திலிருந்தே மாதம் பத்து சதவீதம் கொடுக்கிறார்கள். அவர்களிடம் போய் 'அரசு போட்ட சோறு' என்பது கொஞ்சம் வெட்கக்கேடு. பழைய திட்டத்தில் வருவதும் மந்திரி வீட்டுப் பணமல்ல. தீப்பெட்டி வாங்குபவரும் கொடுக்கும் வரிப்பணம். எனவே செஞ்சோற்றுக்கடன் என்று ஒன்று இருந்தால் அது மக்களுக்குப் பட்ட கடன். ஆட்சிகள் வரும், போகும். கடன் கொடுத்தவர் மாறவில்லை.

செஞ்சோற்றுக்கடன் என்றதும் எல்லாரும் கும்பகருணனை இழுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். அண்ணன் சோற்றுக்காக உயிரைக் கொடுத்தவன் அவன். வீடணன் வந்து அழைத்தும் போகாதவன். ஆனால் கம்பன் காட்டும் கும்பகருணன் போர்க்களத்துக்குப் போகுமுன் மந்திர அவையில் என்ன செய்தான் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானம் பேசுகிறாயே என்று அண்ணன் முகத்துக்கு நேரே, அவையறியச் சொன்னவன் அவன். நன்றிக்கடனுக்கே உதாரணமாகச் சொல்லப்படுபவன்கூட, வாய்மூடி இருப்பதை நன்றியின் பகுதியாக நினைக்கவில்லை. வள்ளுவரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். தனக்கும் தெரியாமல், சொல்வாரையும் அலட்சியம் செய்யும் அரசனாகவே இருந்தாலும் அவனுக்கு நல்லதை எடுத்துச் சொல்வது அமைச்சனின் கடமை என்பது அவர் கட்சி. கடிந்து சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கத் தனியே ஒரு பகைவன் வேண்டியதில்லை என்கிறார். காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்பவனின் ஆட்சியில்தான் உலகம் தங்கும் என்று இறைமாட்சியில் வேறு சொல்லி வைத்திருக்கிறார். ஒரே கருத்தை மூன்று அதிகாரங்களில் மூன்று பக்கத்திலிருந்து அவர் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்.

புறநானூற்றுப் புலவர்களில் பலர் பரிசில் வாங்கிப் பிழைத்தவர்கள். அரசனின் சோற்றை நேராகவே உண்டவர்கள். அந்த மரபில்தான் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரிவாங்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்: விளைந்ததை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் புகுந்தால் தின்றதைவிட மிதித்தது அதிகம். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் போய், உழவனைக் காப்பது உன் வேலை என்று சொல்லித் தம் நிலத்தின் வரிப் பாக்கியைத் தள்ளுபடி வாங்கினார். சோழர் இருவர் முட்டிக்கொண்டபோது நடுவில் போய் நின்றவர் கோவூர்கிழார். குன்றத்தூர்ச் சேக்கிழாரை இந்தப் பகுதிக்காரர்கள் மறக்கக் கூடாது. சோழனின் அமைச்சர் அவர். அரசன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தபோது, அது வேண்டாம் என்று சொன்னதோடு நில்லாமல் மாற்றாகத் தாமே ஒரு பெருநூல் செய்தார் என்பது மரபு. சமயப் பூசலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அரசன் ருசி தவறு என்று அரசன் சம்பளத்தில் இருந்துகொண்டே சொன்ன ஒரு மனிதர் அதில் தெரிகிறார்.

பழங்கதை எல்லாம் இன்றைக்கு உதவுமா என்பவர்களுக்கு நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. ரமேஷ் சந்திர தத் 1897இல் ஐ.சி.எஸ். பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். பஞ்சங்களுக்கும் நிலவரிக்கும் உள்ள உறவைப் பற்றி வைஸ்ராய் கர்சனுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1900 டிசம்பரில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து இந்தியா மந்திரிக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தத் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் நிலவரித் திட்ட இயக்குநராக இருந்த பக்கிள், கவுன்சில் உறுப்பினராக இருந்த கார்ஸ்டின், தஞ்சாவூர் கலெக்டராக இருந்த பென்னிங்டன் ஆகிய வெள்ளைக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உழவரிடமிருந்து நேராக வாங்கும் வரி, சாகுபடிச் செலவு போக மிஞ்சுவதில் பாதியைத் தாண்டக் கூடாது, ஒருமுறை வகுத்த வரியை முப்பது ஆண்டுக்கு மாற்றக் கூடாது என்பன அவர்கள் கேட்டவற்றில் சில. வரி வசூலித்தே வயதானவர்கள் எழுதிய மனு என்பதால் அதில் புலம்பல் இல்லை, கணக்கு இருந்தது. கர்சன் ஏற்கவில்லை. ஆனால் 1902 ஜனவரியில் நிலவரிக் கொள்கை பற்றி நீண்ட தீர்மானம் ஒன்றை வெளியிட்டுப் பதில் சொல்ல வேண்டிவந்தது. வெள்ளைக்குடி நாகனார் கேட்ட அதே வரிக் கேள்வியை, வரி வாங்கியவர்களே ஓய்வுபெற்ற பின் கேட்டார்கள். ஓய்வூதியர் வாய்திறப்பதால் நாட்டுக்கு என்ன லாபம் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

பதவியில் இருந்தவரை வாயே திறக்காதவர்களுக்கு ஓய்வுபெற்றதும் ஞானோதயமா என்ற கேலி ஒன்று உண்டு. கேலியில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் அது முழு உண்மை ஆகாது. மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் ஒன்பதாவது விதி, பணியில் இருப்பவர் அரசின் கொள்கையைப் பொதுவில் குறைகூறுவதைத் தடுக்கிறது. மாநிலங்களிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. அவற்றை மீறியதாகச் சொல்லப்பட்டவர்கள் பட்ட பாட்டுக்குத் திரிபுரா ஒரு சாட்சி. அங்கே மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் கட்சிப் பேரணி ஒன்றைப் பார்க்கப் போனதற்கும், முகநூலில் எழுதியதற்கும், ஓய்வுபெறச் சில நாளே இருக்கும்போது பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம்தான் அவரைக் காப்பாற்றியது. முப்பது ஆண்டு வாயைக் கட்டிவைத்த விதி விலகும் நாளில் பேசத் தொடங்குபவரைக் கோழை என்பது நியாயமாகப் படவில்லை. கூச்சப்பட வேண்டியது வேறு இடத்தில். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் கம்பெனியில் சேர அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கட்சியில் சேர்ந்து தேர்தலில் நிற்க மறுநாளே போகலாம். ஆதாயத்தின் பக்கம் இவ்வளவு தாராளமான சட்டம், அனுபவத்தைப் பேசும் வாயின் பக்கம் மட்டும் ஏன் இப்படி இறுகுகிறது?

ரகசியம் காக்க வேண்டாமா என்றால், வேண்டும். விமானப்படைத் தளத்தையும், நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படை மையத்தையும் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது. அது ஓய்வுபெற்றவரையும் விடாது. பதவியின் மதிப்பைக் கட்சிகள் கடன் வாங்கும் ஆபத்தும் மெய்தான். 2019 ஏப்ரலில், படையை அரசியலுக்குப் பயன்படுத்துவதை எதிர்த்து முன்னாள் படையினர் பெயரில் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் பெயர் இருந்த சில பெரிய தளபதிகளே 'நாங்கள் கையெழுத்துப் போடவில்லை' என்று மறுத்தார்கள். இவையெல்லாம் எச்சரிக்கையாக இருக்கக் காரணம். வாய்ப்பூட்டு போடக் காரணமாகாது. 2021 விதியில் எது ரகசியம், எது அமைப்பின் எல்லைக்குள் வருவது என்று தீர்மானிப்பவர் அந்த அமைப்பின் தலைவரே. தன்னைப் பற்றி வரப்போகும் கடிதத்துக்குத் தானே நீதிபதி. பிசிராந்தையார் தம் பாட்டை முன்கூட்டியே பாண்டியனிடம் காட்டி அனுமதி வாங்கினார் என்று எந்த உரைகாரரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஓய்வூதியர் பேசுவதெல்லாம் அகவிலைப்படி, ரயில் கட்டணச் சலுகை பற்றித்தானே என்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நின்றுபோன மூத்த குடிமக்கள் ரயில் சலுகையும், 2020 ஜனவரி முதல் ஒன்றரை ஆண்டு முடக்கிய அகவிலைப்படியும் இவர்களைச் சுட்டது உண்மை. சுட்டதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்ளும். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு 2025 செப்டம்பரில் சேர்த்தபோது, அதனால் கிராமத்து வழக்காடிக்கு என்ன ஆகும் என்று ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரை விட யாரால் சொல்ல முடியும்? தாம்பரம் மின்ரயில் பணிமனையில் வாழ்நாளைக் கழித்தவருக்குத் தெரிந்த பாதுகாப்புக் குறைகள் டெல்லியில் அறிக்கை எழுதுபவருக்குத் தெரியுமா? தெரிந்ததைத் தெரிந்தவர் சொல்லும்போது கட்சிக்காரர் குரலோடு அது குழம்பாது. வாட்ஸ்அப்பில் வந்ததை நாற்பது பேருக்குத் தள்ளிவிடுவது இந்தக் கடமையில் சேராது. அது யாருடைய கருத்து என்றே தெரியாத சரக்கு. காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் இன்னொன்றுக்கும் உழைக்கும். வெறுப்பு அரசியலை எதிர்த்து 2022 ஏப்ரலில் பிரதமருக்கு எழுதிய 108 முன்னாள் அதிகாரிகளும் சரி, அவர்களை மறுத்து எழுதிய 197 பேரும் சரி, தம் பெயரைப் போட்டு எழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இரு பக்கமும் கையெழுத்து இருந்தது.

கையெழுத்துப் போட இடமும் இருக்கிறது. 2014 முதல், சட்ட முன்வரைவுகளை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது மத்திய அரசே வகுத்துக்கொண்ட கொள்கை. ஒரே நாடு ஒரே தேர்தல் பற்றி ராம்நாத் கோவிந்த் குழு 2024 ஜனவரியில் கருத்துக் கேட்டபோது, 140 கோடிப் பேர் வாழும் நாட்டிலிருந்து வந்த பதில்கள் 21,558. கோப்பில் குறிப்பெழுதியே நரைத்தவர்கள் ஒரு தெருவுக்குப் பத்துப் பேராவது இருக்கும் ஊர்களில், இரண்டு பக்கம் எழுதி அனுப்புவது பெரிய வேலையல்ல.