எண்ணும் கை

தவறு செய்தவனைப் பார்த்து ‘ஏன் பதறினாய்?’ என்று கேட்பது நம் வழக்கம். பதற்றம் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள், அதற்கு அவன்தான் பொறுப்பு என்ற அனுமானம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பல வருஷங்கள் எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கிளையில் காசாளனாக இருந்தேன். 1983-ல் தீபத்துக்கு முதல் நாள். கவுண்டருக்கு முன்னால் கடைக்காரர்களும் மாட்டுச் சந்தைக்கு வந்தவர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திட்டவில்லை. ‘சீக்கிரம்’ என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். மாலையில் கணக்கு முடித்தபோது பத்து ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. யாருக்கோ ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் ரூபாயையும் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்தது நியாயம் என்றே நானும் நினைத்தேன்.

தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பதும் அதுதான். காசாளன் பிழைப்பு இந்த இரண்டும் கலக்காமல் இருப்பதில் இருக்கிறது. நோட்டை விரல் எண்ணும்போது மனம் எதையும் எண்ணக்கூடாது. விரலுக்கு நூறு என்பது ஒரு தாளம். நூறாவது நோட்டில் அது தானே நின்றுவிடும். பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்த உடனே எண்ணுகிற என்னை நானே பார்க்கத் தொடங்கினேன். அவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்பது நோட்டைவிட முக்கியமாகிவிட்டது. கை அனாதையாயிற்று.

மறுநாள் மாலை தேரடித் தெருவில் கூட்டத்தோடு நின்றேன். மலை 2,668 அடி. உச்சியில் கொப்பரை; அதில் நெய், துணித் திரி, கற்பூரம். கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர் வருஷத்துக்கு ஒரு முறை, ஓரிரு நிமிஷம் மட்டும் வெளியே வருவார். கொடிமரத்தின் முன்னால் சுடர் எழும். அந்த அடையாளம் கண்டு மேலே ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார், பரம்பரையாக. ஆறு மணி. மலைக்காற்று. கீழே லட்சக்கணக்கான கண்கள். என் கவுண்டர் நெருக்கடி இதற்கு முன் எம்மாத்திரம்? தீபம் ஏறியது. கூட்டம் ‘அரோகரா’ என்றது. மேலே இருப்பவன் திடசித்தன், நான் கோழை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த முடிவு தவறு என்று தெரிய வெகுகாலமாயிற்று. லட்சம் கண்களும் பார்ப்பது சுடரை. ஏற்றுகிறவன் முகம் கீழே யாருக்கும் தெரியாது. அவன் அருகில் நிற்பவர்கள் அவனுடைய உறவினர்கள். ஒரு கை தவறினால் இன்னொரு கை இருக்கிறது. ‘சீக்கிரம்’ என்று யாரும் சொல்வதில்லை. காலத்தைச் சொல்வது கீழேயுள்ள சுடர். அவனிடம் கேட்கப்படுவது மிகப் பெரியது, ஆனால் அதைச் செய்யும் விதம் அவனுடையது. நிதானம் என்று நான் அவனிடம் கண்டது அவன் ஒருவனுடைய குணம் அல்ல, ஓர் ஏற்பாடு. இதை வைத்துப் பழமையைப் போற்றப் புறப்படவில்லை. பிறப்பு ஒருவனுக்கு வேலையை நிர்ணயிப்பது இன்னொரு நிர்ப்பந்தம். நான் சொல்வது கையைப் பற்றி மட்டும்.

அங்கே பயமே இல்லை என்பதும் இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. தீபப் பணிக்குரியவர்கள் கொப்பரையையும் நெய்யையும் சுமந்து ஏறினார்கள். 13-ஆம் தேதி தீபம் எரிந்தது. பயமில்லாமலா ஏறியிருப்பார்கள்? ஆனால் மலையைப் பற்றிய பயம் காலடியைப் பார்க்க வைக்கும். மேனேஜரைப் பற்றிய பயம் என்னைப் பார்க்க வைத்தது. ஒன்று வேலைக்குள் இறங்குகிறது, மற்றது வேலையிலிருந்து வெளியே இழுக்கிறது. இரண்டையும் பயம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் பேச்சு குழம்பிப்போகிறது.

1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வெள்ளை, கறுப்புப் பெட்டிகளுக்கு முன் விட்டார்கள். கறுப்பில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. பெட்டிகளின் வேற்றுமை துலக்கமாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவில் கற்றது. வேற்றுமை மங்கலானபோது, அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் போனால் கற்பது தாமதமாயிற்று. அளவான பதற்றம் வேலைக்கு நல்லது என்று நிர்வாக இயல்காரர்கள் இதைக் காட்டிச் சொல்வார்கள். அளவை யார் வைப்பது என்று கேட்கமாட்டார்கள். எலிக்கு அந்த உரிமை இல்லை. 1979-ல் ராபர்ட் கராசெக் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களைப் பற்றிய தகவல்களை ஆராய்ந்து சொன்னது எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது: பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் குறைவாகவும் உள்ள வேலைதான் ஆளை அதிகம் முறிக்கிறது.

இந்த ஊரில் பயத்தைப் பற்றிப் பேசிவிட்டு ரமணரை விட்டுவிட முடியாது. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனை மரணபயம் பிடித்தது. அவர் ஓடவில்லை. பிணம்போல் படுத்து, சாவது எது என்று பார்த்தார். ஆனால் மாடியில் அவர் தனியாக இருந்தார், எதிரில் வரிசை இல்லை. பிறகு நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. படிப்பில் நாட்டம் போயிற்று. ஆகஸ்டு 29-ல், தண்டனையாக மூன்று தடவை எழுத வேண்டியிருந்த பெயின் ஆங்கில இலக்கணப் பாடத்தை இரண்டு தடவை எழுதி, மூன்றாவதை விட்டுவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் அந்தப் பதற்றம் ஒரு மாணவனைக் கெடுத்துவிட்டது. பயத்தை முழுக்கப் பார்த்தவன் மறுபடி எழுத உட்காரமாட்டான் என்பதுதான் இதன் பொருளோ? மறுநாள் காலை பத்து மணிக்குக் கவுண்டரைத் திறக்க வேண்டியவனுக்கு இதில் கிடைப்பது ஆறுதல் அல்ல.

அந்த ஆயிரம் ரூபாயில் என் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்கிறேன். ‘சீக்கிரம்’ என்றபோது கட்டைக் கீழே வைத்து, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கலாம். கெட்டிக்காரனாகத் தெரிய ஆசைப்பட்டேன். அது என்னுடையது. மீதி என்னுடையதல்ல என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்திருக்கும், பதின்மூன்று வருஷம் கழித்து வேறோர் ஊரில் அதிகாரியாகி, ஒரு இளைஞனின் முதுகுக்குப் பின்னால் நான் போய் நின்றிராவிட்டால். அன்றும் கூட்டம்தான். நானும் ‘சீக்கிரம்’ என்றேன். மாலையில் பணம் குறைந்தது. சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போடும்போது என் 1983 நினைவுக்கு வரவே இல்லை. கை நடுங்கவும் இல்லை.