அறுப்பு நாளிலும் ஓய்வு
(பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 4:26-34) ஒரு விவசாயி வருகிறார். அவருக்கு இரண்டே வேலை. முதலில் விதைக்கிறார், கடைசியில் அரிவாளை எடுக்கிறார். நடுவில் என்ன செய்கிறார் என்று ஆண்டவர் சொன்னதைக் கவனித்தீர்களா? இரவில் தூங்குகிறார், பகலில் எழுந்திருக்கிறார். அவ்வளவுதான். களை பறித்தது, உரம் போட்டது, மடை திருப்ப நடுராத்திரி மண்வெட்டியோடு போனது எதுவும் அந்தக் கதையில் கிடையாது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "சாமி, ஆண்டவர் தச்சுவேலை பார்த்தவர்தானே" என்று சிரிப்பார்கள். இந்த உவமை மாற்கு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் அடுத்து வரும் கடுகு விதையை எடுத்துக்கொண்டார்கள், இதை விட்டுவிட்டார்கள். தூங்கி எழும் இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கும் புரியவில்லையோ என்னவோ!

ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் எவருக்கும் நிற்க நேரமில்லை. நாற்றங்கால், உழவு, நடவு என்று எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். தூங்கி எழுந்த விவசாயியைப் பற்றிப் பேச இது பொருத்தமான நேரமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இதே ஜூன், ஜூலை மாதங்களில் வேறொரு நெல் ஊரில் கதிர் அறுப்பு நடக்கும். அங்கே மக்கள் இந்த உவமையை ஏட்டில் எழுதாமலே பல தலைமுறை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆகையால் இன்று உங்களை அங்கே கூட்டிப்போகிறேன்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசான் தீவில், கோர்டில்லெரா மலைத்தொடரில் இருக்கிறது இஃபுகாவ் மாகாணம். தலைநகர் மணிலாவிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் போக வேண்டும். ஏணி சாய்த்து வைத்தாற்போன்ற சரிவுகளில், கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பி, படிப்படியாக வயல் வெட்டியிருக்கிறார்கள். படத்தில் பார்த்திருப்பீர்கள். பதாத், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நாகாகதான் ஆகிய ஐந்து இடங்களின் படி வயல்களை 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. இரண்டாயிரம் வருஷப் பழமை என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அண்மைக் காலத் தொல்லியல் ஆய்வோ, இவற்றில் பெரும்பாலானவை சுமார் நானூறு ஆண்டுகளில் விரிந்தவை என்கிறது. ஸ்பானியப் படை தாழ்நிலத்துக்கு வந்தபோது மலையேறிய மக்கள், அங்கே நெல்லைப் பயிரிட்டு, அடிபணியாமல் நின்றார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இந்தக் கணக்கு குறைவாகத் தோன்றவில்லை. டிராக்டரும் சிமெண்டும் இல்லாமல், கையால் மலையைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்த மலையின் பாரம்பரிய நெல்லுக்குத் தினாவோன் என்று பெயர். வருஷத்துக்கு ஒரே போகம். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நடுவார்கள். அறுக்க ஜூன், ஜூலை ஆகிவிடும். குளிரில் மெதுவாகத்தான் வளரும். அவசரப்படுத்தினால் வளராது. மரபு முறையில் அறுப்புக்கு அரிவாள் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்து, பிடிபிடியாகக் கட்டி, வெயிலில் காயவைத்து, கால் நாட்டி உயர்த்திய மரக் களஞ்சியத்தில் கதிரோடு அடுக்குவார்கள். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து உரலில் குத்திச் சமைப்பார்கள். படி வயல்களுக்கு மேலே, மலையுச்சிப் பக்கம், குடும்பம் குடும்பமாகப் பாதுகாக்கும் காடு உண்டு. முயோங் என்பார்கள். விறகு வெட்டலாம், வீட்டுக்கு மரம் எடுக்கலாம். காட்டை மொட்டையடிக்க முடியாது. ஊற்று அங்கேதான் பிறக்கிறது. மேல் வயல்காரர் காட்டை அழித்தால் கீழ் வயல்காரருக்குச் சோறில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்களைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மரபுப்படி அந்த ஊரில் நினைத்தவர் நினைத்த நாளில் நாற்று நட முடியாது. கதிரில் கை வைக்கவும் முடியாது. துமோனா என்று ஒரு வேளாண் தலைவர் அல்லது தலைவி இருப்பார். முதல் நாற்று அவருடைய வயலில். முதல் கதிரும் அங்கேதான். பக்கத்து வயல் பழுத்து நின்றாலும், மழை மிரட்டினாலும், முதல் கை வைக்கும் வரை ஊர் காத்திருக்கும். நம் ஊர்களில் சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது ஒருவர் முதல் ஏர் ஓட்ட மற்றவர்கள் பின்தொடர்ந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே அது ஆண்டில் ஒரு நாளோடு முடிவதில்லை. விதைப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு, களஞ்சியம் மூடுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு. மும்பாகி என்னும் சடங்குப் பெரியவர்கள் கூடி, மூதாதையர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லி அழைப்பார்கள். நெல்லில் காய்ச்சிய மது வைப்பார்கள். கோழி அறுத்து, அதன் பித்தப்பையை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நிறைந்து நன்றாக இருந்தால் நல்ல சகுனம்.

இந்தச் சடங்குகளை ஒட்டி ஒரு விலக்கு நாளும் வரும். துங்கோ என்பார்கள். அன்று எவரும் வயலில் இறங்கக் கூடாது. வேலை எவ்வளவு மிச்சம் கிடந்தாலும் சரிதான். மீறினால் கேடு மீறியவரோடு நிற்காமல் ஊர் வயலுக்கே வரும் என்பது நம்பிக்கை. விலக்கைக் காட்ட ஓர் அடையாளமும் உண்டு. அங்கே ரூனோ என்று ஒருவகை நாணல் வளர்கிறது. அதன் தலையை முடிச்சுப் போட்டு ஓரிடத்தில் ஊன்றிவிட்டால், "இங்கே வராதே, இதைத் தொடாதே" என்று பொருள். சுவரும் முள்வேலியும் செய்கிற வேலையை அந்த ஒற்றைத் தட்டை செய்கிறது.

சகோதரரே, இதைக் கேட்கும்போது விடுதலைப் பயண நூல் 34:21 எனக்கு நினைவுக்கு வருகிறது. ஓய்வுநாள் கட்டளை நமக்கு மனப்பாடம். அந்த வசனம் கூடுதலாக ஒன்று சொல்கிறது: உழவு நாளானாலும் அறுப்பு நாளானாலும் ஏழாம் நாள் வேலையை நிறுத்த வேண்டும். ஆண்டவருக்கு விவசாயம் தெரிந்திருக்கிறது! வேலை இல்லாத கோடை நாள்களில் கோயிலுக்கு வருவது பெரிய காரியமில்லை. கதிர் சாய்ந்து, மேகம் திரண்டு, அறுப்பு மிஷினுக்கு வரிசையில் நிற்கும் வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதற்கு விசுவாசம் வேண்டும். 'நான் ஒரு நாள் விலகி நின்றாலும் என் வயல் பிழைக்கும், ஏனென்றால் அதை வளர்ப்பவர் வேறு ஒருவர்' என்று நெஞ்சுக்குள் உறுதி இருப்பவர்தான் அப்படி நிற்பார். உவமையில் தூங்கி எழுந்தவர் சோம்பேறி அல்லர். தன் வேலை எங்கே முடிகிறது, கடவுளின் வேலை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவர்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். கோழி அறுப்பதும் முன்னோரை அழைப்பதும் பிற தெய்வ வழிபாடு. அதைப் பீடத்தில் நின்று பேசலாமா? நியாயமான கேள்விதான். அந்த மக்களின் மரபில் தெய்வங்கள் ஆயிரத்துக்கும் மேல். புலுல் என்று ஆணும் பெண்ணுமாக மரத்தில் செதுக்கிய இரட்டை உருவங்களைக் களஞ்சியத்தில் வைத்து, பன்றி இரத்தம் தடவி, நெல்லைக் காக்கச் சொல்வார்கள். முதல் கட்டளையை மறந்துவிட்டு நான் பேசவில்லை. ஆனால், பிற இனத்தாரின் மரபுகளுக்குள் வார்த்தையானவரின் விதைகள் மறைந்து கிடக்கின்றன, கிறிஸ்தவர்கள் மகிழ்ச்சியோடும் மரியாதையோடும் அவற்றைக் கண்டெடுக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே நமக்குச் சொல்லிவிட்டது. நிலம் பூர்வகுடிகளுக்கு விற்பனைச் சரக்கு அல்ல, கடவுளிடமிருந்தும் அங்கே துயில்கொள்ளும் முன்னோரிடமிருந்தும் வந்த கொடை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதினார்.

இவை எழுதப்படும் முன்பே ஒரு குருவானவர் அந்த மரியாதையோடு தேடினார். பெல்ஜியத்திலிருந்து போன பிரான்சிஸ் லாம்ப்ரெக்ட். மரியாவின் மாசற்ற இதய சபையைச் சேர்ந்தவர். மயோயாவ் மக்களின் நெல் விவசாயத்தையும் நெல் சடங்குகளையும் கட்டம் கட்டமாகப் பதிந்து 1932இல் நூலாக வெளியிட்டார். ஞானஸ்நானம் கொடுக்கப் போனவர், முதலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பின்னாளில் ஹுத்ஹுத் பாடல்களையும் எழுதி எடுத்தார். அறுப்பு வயலிலும் இழவு வீட்டிலும் பெண்கள் பாடும் நெடுங்கதைப் பாட்டு அது. வயதான ஒரு பெண் முன்னே பாட, வரிசையில் கதிர் கொய்யும் பெண்கள் பின்னே வாங்கிப் பாடுவார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கதைகள். ஒன்றை முழுக்கப் பாட நாள்கணக்கில் ஆகும்.

2001இல் யுனெஸ்கோ இந்தப் பாட்டை மனிதகுலத்தின் அரிய செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அதே அமைப்பு, பாட்டு நலிந்ததற்கான காரணங்களில் கையறுப்பு மறைந்ததோடு, மக்கள் கத்தோலிக்கம் தழுவியதையும் சேர்த்துக் குறித்திருக்கிறது. குருவாகிய எனக்கு அதைப் படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. லாம்ப்ரெக்ட் போன்றவர்கள் சிலர். 'பேய் வேலை' என்று ஒதுக்கியவர்கள் பலர். புலுல் சிலைகள் களஞ்சியத்தை விட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. சிலையை விட்டது சரி. சிலையோடு சேர்ந்து காத்திருப்பும் ஓய்வு நாளும் ஊர் ஒற்றுமையும் போனால், அந்த இடத்தில் நாம் எதை வைத்தோம்? ஞாயிற்றுக்கிழமையை வைத்திருக்க வேண்டும். வைத்தோமா?

அவசரம் என்ன செய்யும் என்பதற்கும் அந்த மலை சாட்சி. 1980களில் உணவுக்கும் வியாபாரத்துக்கும் ஆகும் என்று தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொன்னிற நத்தையைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்க ஆளில்லை. நத்தை வயலில் இறங்கி இளம் நாற்றைத் தின்றது, இன்றுவரை தின்கிறது. இளைஞர்கள் நகரங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். சுவர் இடிந்த இடத்தை எடுத்துக்கட்ட ஆளில்லை. 2001இல் யுனெஸ்கோ இந்த வயல்களை ஆபத்திலுள்ள சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. பதினொரு ஆண்டு உழைத்த பிறகு, 2012இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. இன்றும் ஹுங்துவானில் அறுப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கி, வைக்கோல் உருவத்தையும் கொக்கி மரத்தையும் வைத்து இழுவைப் போட்டி நடத்துகிறார்கள். புன்னுக் என்று பெயர். முடிந்தபின் வைக்கோல் உருவத்தை ஆறு அடித்துக்கொண்டு போகும். அறுப்பு இத்தோடு முடிந்தது என்று பொருள். நம்மிடம் இப்போது எதுவும் முடிவதில்லை. குறுவை முடியும் முன்பே சம்பாக் கவலை வந்துவிடுகிறது.

சகோதர சகோதரிகளே, உங்களிடம் புதிய சடங்கு எதையும் கேட்கவில்லை. இணைச்சட்டம் 26இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரச் சொன்ன கடவுள், கூடவே உங்கள் நடுவே வாழும் அந்நியரோடு சேர்ந்து மகிழுங்கள் என்றும் சொன்னார். நம் வயல்களில் இன்று நாற்று நடுவதற்கு வடமாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மொழி தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு என்று ஒரு நாள் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டோம்? தமக்கு ஓய்வு எடுத்துக்கொண்டு வேலைக்காரருக்கு மட்டும் ஓய்வு தராத எசமானருக்குக் கட்டளையில் இடமே இல்லை.

இந்தக் குறுவையில் ஒன்று செய்யுங்கள். நடவுக்கோ களைக்கோ அறுப்புக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆள் கூப்பிடாதீர்கள். மிஷினும் அன்று கொட்டகையில் நிற்கட்டும். தனியாக நிறுத்தினால் பக்கத்து வயல்காரர் முந்திக்கொள்வார் என்ற பயம் இருக்கும். அதனால் அன்பியக் கூட்டங்களில் பேசி, ஒரு வாய்க்கால் பாசனத்தார் எல்லாரும் சேர்ந்து நிறுத்துங்கள். பிற சமயத்து அயலாரிடமும் எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கும் உடம்பு உண்டு. நாள்கூலியை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் பட்டினி ஆகிவிடக் கூடாது. சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே அந்த வாரக் கூலியை முழுதாகக் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.