நெடுவோட்டமும் தன்னையறிதலும்

மனிதன் தன்னைத்தான் அறிவது எவ்வாறு? கற்றோரைக் கேட்டு அறியலாம் என்பர் சிலர். தனித்திருந்து சிந்தித்து அறியலாம் என்பர் வேறு சிலர். நெடுந்தூரம் ஓடி அறியலாம் என்பது இக்காலத்தில் எழுந்துள்ள மற்றொரு விடை. இது நகைத்துத் தள்ளத்தக்கதன்று. ஆராயாமல் ஏற்கத்தக்கதும் அன்று. அன்பர்களே, சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்டதை அல்ட்ரா மராத்தான் என்கிறார்கள். நாம் நெடுவோட்டம் என்போம். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் என்று தூரத்தை வரையறுப்பதும் உண்டு. 24 மணி நேரம் என்று காலத்தை வரையறுப்பதும் உண்டு. இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், தேயிலை மலைகளினூடே 71 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டிருக்கிறது. இதே மாவட்டத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அத்தகைய பேராற்றலுடையோர் ஒரு சிலரே. நெடுவோட்டத்துக்கு வருவோரில் மிகப் பலர் எழுத்தர், ஆசிரியர், வணிகர் போன்ற எளியோர். நாற்பதும் ஐம்பதும் கடந்தோரும் அவர்களுள் உண்டு. முதற்பரிசு தமக்கில்லை என்று அறிந்தே வருகிறார்கள். அவர்கள் எதை நாடி வருகிறார்கள்?

உடலில் நிகழ்வதை முதலில் காண்போம். தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து முப்பது கிலோமீட்டர் அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கால் கனக்கிறது, பாதம் கொப்புளிக்கிறது. அப்போதுதான் மனம் வாய் திறக்கிறது. காலையில் பெருமை பேசிய அதே மனம், இப்போது முன்னே செல்வோனை வெறுக்கிறது, மலையைச் சபிக்கிறது, 'அந்த வளைவு வரை போதும்' என்று பேரம் பேசுகிறது. இன்னும் சிறிது சென்று, உப்பும் நீரும் உட்கொண்டால், தீராது என்று தோன்றிய சோர்வு தணிந்துவிடுகிறது. பேரம் பேசிய குரலையும் காணோம். வந்தது, நின்றது, போயிற்று. 'இக்குரலே நான்' என்று எண்ணியிருந்தவன், அது வந்துபோகும் ஒன்று எனக் காண்கிறான். நெடுவோட்டம் தரக்கூடிய அறிவு இதுவே. எளிய மனிதனும் இதனைப் பெறலாம். வேகம் வேண்டுவதில்லை, விழிப்பு வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அவ்விழிப்பில் அடங்கும். அளவுக்கு மிஞ்சிய நீர் குடித்து, இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிரிழந்தோரும் உண்டு.

இவ்வறிவு பெற்றவன் நல்லவனாகிவிடுவானா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. தென்னாப்பிரிக்காவில் விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர், முதல் உலகப் போரில் மாண்ட தம் தோழர்களின் நினைவாக ஒரு நெடுவோட்டத்தைத் தொடங்கினார். 1921 மே 24ஆம் நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் நோக்கி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட, 34 பேர் புறப்பட்டனர். 16 பேர் முடித்தனர். தோழர் என்ற பெயராலேயே அது காம்ரேட்ஸ் ஓட்டம் எனப்பட்டது. ஆயினும் பெண்களும் கறுப்பினத்தாரும் 1975ஆம் ஆண்டு வரை அதில் முறைப்படி சேர்க்கப்படவில்லை. 1923இல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண்மணியும், 1935இல் ராபர்ட் முட்சாலி என்ற கறுப்பினத்தவரும் பதிவு பெறாமலே ஓடி முடித்தனர். ஆண்டுதோறும் அத்துணை தூரம் ஓடித் தம் மனவலிமையை அறிந்தவர்கள், பக்கத்தில் ஓடியவரைத் தோழராக அறிய 54 ஆண்டுகள் சென்றன. தாங்கும் ஆற்றல் வேறு, அறம் வேறு.

'அங்ஙனமாயின் இது வெறும் உடல்வதை. புத்தர் பெருமான் விலக்கிய வழியன்றோ' என்று சிலர் வினவுவர். அவர்கள் சோணரின் வரலாற்றை நினைவு கூர்க. செல்வக் குடியிற் பிறந்து மெல்லிய பாதம் உடையவரான அவர், துறவு பூண்டபின் இடைவிடாது நடைத்தியானம் செய்தார். பாதம் கிழிந்து நடைபாதை குருதியால் நனைந்தது. பயன் காணாமல் மனம் தளர்ந்தவரிடம் பெருமான் வீணையின் நரம்பைப் பற்றிக் கேட்டார். மிக இறுக்கினாலும் இசை இல்லை. மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை. முயற்சியை அளவோடு கட்டுக என்பதே பாடம். முயற்சியை விடுக என்பதன்று.

இவ்வளவும் பலர் அறிந்தது. இதன்பின் நிகழ்ந்ததைப் பலர் சொல்வதில்லை. செருப்பு அணியுமாறு பெருமான் சோணருக்கு இசைவு தந்தார். சங்கத்தார் அனைவருக்கும் இசைவு உண்டானால் அணிவேன், எனக்கு மட்டும் வேண்டா என்றார் சோணர். ஒற்றைத் தோற் செருப்பு அணியும் உரிமை எல்லாப் பிக்குகளுக்கும் அதனால் கிடைத்தது. ஒருவர் பாதத்தின் புண், பலர் பாதங்களுக்குக் காப்பாயிற்று. தன்னையறிதலின் உரைகல் இஃதென்று கருதுகிறேன்.

இவ்வுரைகல்லை மூணாற்று மலைக்குக் கொண்டு வருவோம். ஓடுவோன் கடக்கும் அதே சரிவுகளில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் நாள்தோறும் சுமையோடு ஏறி இறங்குகிறார்கள். 2015 செப்டம்பரில் அவர்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்று திரண்டு போராடியபோது, அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். மலைக்கு உள்ளே இடமலைக்குடியில் முதுவர் மக்கள் நெடுங்காலம் நோயாளியைத் தோளிற் சுமந்து காட்டுவழி நடந்தனர். அந்நடையையும் தவம் என்று புகழ்வோர் உளர். அது பொருந்தாது. யானும் வாளையாற்றுக்கு இப்பால் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பொறிகளுக்கிடையே இரவெல்லாம் நடந்தவன். அந்நடையில் யான் கண்டது கால்வலியும், அடுத்த இழை எங்கே அறுமோ என்ற அச்சமுமே. ஓடுவோன் எந்நொடியிலும் நிற்கலாம். நிற்பதால் அவன் வீட்டில் உலை வைப்பது நின்றுபோகாது. அவ்வுரிமை இருப்பதாலேயே அவனுடைய துன்பம் அவனுக்குப் பள்ளியாகிறது. அவ்வுரிமை இல்லாதவரின் துன்பத்தைப் பள்ளி என்று அழைப்பது கொடுமை. அது நீக்கப்பட வேண்டிய துன்பம்.

ஆதலின், நெடுவோட்டம் வீண் என்று கூறேன். தானே ஏற்ற வலியால் தன் மனத்தின் பொய்களைக் கண்டவன் நல்லதொரு தொடக்கம் செய்தவன். ஆனால் அறுபதாவது கிலோமீட்டரில் தன் தோள் எப்படிக் கனத்தது என்பதை அவன் மறவாதிருக்க வேண்டும். வழியோரம் கூடையுடன் ஒதுங்கி நின்று வழிவிட்ட பெண்ணின் தோளுக்கு நாள்தோறும் அதுவே நிலை. அவளுடைய கூலியைப் பற்றியும், ஊர்ப் பாதையைப் பற்றியும், மருத்துவத்தைப் பற்றியும் பேச்சு எழும்போது அவன் எப்பக்கம் நிற்கிறான் என்பதிலேயே, அம்மலையில் அவன் எதை அறிந்தான் என்பது விளங்கும்.